கடல் மயக்கமா, சைலன்சர் ஓட்டையா?

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. பாய்மரப் படகு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நீச்சலே தெரியாது. ஆனா போன வருஷம் ஒரு படகோட சைலன்சரை மாத்த வெச்சது நான்தான்.

கூட எம்பிபிஎஸ் படிச்சவன், இப்போ இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல இருக்கான். பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கியிருக்கான். உள்ளே சின்ன டீசல் இன்ஜின். ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டான். "மச்சான், இவளுக்குக் கடலே ஒத்துக்கலடா. தலைவலி, வாந்தி. சின்னாரிசின் கொடுத்தும் கேக்கல."

எப்போ வருதுன்னு கேட்டேன். பாய் விரிச்சு, படகு சாஞ்சு ஆடும்போது நல்லாத்தான் இருக்காங்களாம். காத்தே இல்லாத நாள்ல, இன்ஜின் போட்டுத் திரும்பும்போது, கீழே கேபின்ல படுத்தா வருதாம். மேலே வந்து உட்கார்ந்தா மெதுவா தெளியுதாம்.

ஆட்டம் இல்லாம எங்கிருந்து கடல் மயக்கம்? "புகை கசியுதுடா"ன்னேன். "பல்ஸ் ஆக்ஸிமீட்டர்ல 98 காட்டுதே"ன்னான். டாக்டர்தான் அவனும்! வீட்டு ஆளுன்னா நமக்கு மூளை வேலை செய்யாது.

அவனைத் திட்ட எனக்கும் அருகதை இல்லை. சில வருஷம் முன்னாடி, நைட் டூட்டி. கரண்ட் போன கடையில ஷட்டரை இறக்கிட்டு, உள்ளேயே ஜெனரேட்டர் ஓட்டிப் படுத்த ரெண்டு பேர் வாந்தியோட வந்தாங்க. சாப்பாடு சேரலைன்னு நினைச்சு ட்ரிப் போட்டேன். சாச்சுரேஷன் 99. கூட வந்தவர் ஜெனரேட்டர் பத்திச் சொல்ல ஒரு மணி நேரமாச்சு. அப்புறம்தான் ஆக்சிஜன் போட்டேன். பிழைச்சுட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் இன்னும் உறுத்துது.

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அது பாட்டுக்கு 98 காட்டும். வெறும் காற்றில் அது பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒண்ணேகால் மணி நேரம்.

இப்போ சைலன்சர். பாய்மரப் படகுல பெரும்பாலும் இன்ஜினைக் குளிர வெச்ச கடல்தண்ணியையே புகைக்குழாய்க்குள்ள விடுவாங்க. தண்ணியும் புகையும் ஒரு பெட்டியில சேரும். புகையோட அழுத்தம் தண்ணியைத் தள்ளிக்கிட்டு வெளியே போகும். சூடு, உப்பு, டீசல் புகையில உள்ள கந்தகம், மூணும் சேர்ந்தா ஸ்டீல் பெட்டியோட வெல்டிங் அரிச்சுடும்.

இவன் பெட்டியைக் கழட்டிப் பார்த்தா, கண்ணுக்குத் தெரியாத பின்பக்க வெல்டிங்ல துரு, சுத்தி கரிக்கறை, ஊசி ஓட்டைகள். படகோட அடியில எப்பவும் தேங்கின தண்ணிக்கும் அதுதான் காரணம். ஃபைபர்கிளாஸ் பெட்டி மாத்தினான். ஹோஸும் புதுசு, ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு கிளாம்ப். கேபின்ல கார்பன் மோனாக்சைடு அலாரம், நான் நச்சரிச்சதால.

ரத்தத்துல அளவு பார்க்கல. டீசல்ல அந்த வாயு பெட்ரோலைவிடக் குறைவு, அதனால வாந்திக்கு வெறும் புகை நெடியே காரணமா இருந்திருக்கலாம். ஆனா அவன் நாட்டுலேயே, 2013-ல விண்டர்மியர் ஏரியில, படகுல வெச்ச பெட்ரோல் ஜெனரேட்டரோட புகை கேபினுக்குள்ள கசிஞ்சு ஒரு அம்மாவும் மகளும் இறந்திருக்காங்க.

போன வாரம் அவன் மனைவியே பேசினாங்க. அலை பெருசா இருந்தா இப்பவும் வாந்தி வருதாம். "அது நிஜக் கடல் மயக்கம்மா, மாத்திரை போட்டுக்கோங்க"ன்னேன்.