தாய்வழிப் பிரதி

தமிழ் கற்பிப்பவனுக்கு மரபணு அறிக்கையோடு என்ன வேலை? பெரியம்மாவின் மகள், என் அக்கா, தன் ஐந்து வயது மகனின் பரிசோதனை அறிக்கையை நீட்டி, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லு" என்றாள். பையனுக்குப் பேச்சு வரவில்லை. தள்ளாடி நடப்பான், வலிப்பு உண்டு, அடிக்கடி சிரிப்பான். ஏஞ்சல்மன் நோய் என்றது அறிக்கை. நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "தாய்வழியில் வந்த குரோமோசோமில் குறைபாடு" என்று மொழிபெயர்த்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த அக்காவின் மாமியார், "அப்ப உங்க வம்சத்துல வந்ததுதான்" என்றார். அக்கா எதுவும் சொல்லவில்லை.

அந்த மௌனம் உறுத்தியதால்தான் படிக்கத் தொடங்கினேன்.

நம் செல்களில் புரதங்கள் ஓயாமல் ஆக்கப்படுகின்றன. பழுதுபட்டவையும் பணி முடித்தவையும் ஓயாமல் அழிக்கப்படுகின்றன. அழிக்க வேண்டியதன் மேல் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. இம்முறையைக் கண்டறிந்த சிகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகியோருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எதன் மேல் ஒட்டுவது என்று தேர்ந்து கொடுப்பவை யுபிகுவிட்டின் லிகேஸ்கள். யுபிஇ3ஏ என்ற மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் அவற்றுள் ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இதனை வசப்படுத்தி, செல்லைக் காக்கும் பி53 புரதத்தையே அழிக்கச் செய்கிறது. அப்படித்தான் இப்புரதம் முதலில் அறிமுகமானது. இது இல்லாமற்போவதே ஏஞ்சல்மன் நோய்க்குக் காரணம் என்பது 1997இல் தெரியவந்தது. நரம்பணுக்களின் இணைப்புகள் அனுபவத்தால் செம்மைப்பட இது வேண்டும்.

இம்மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. நரம்பணுக்களில் தந்தையின் பிரதி பூட்டிய பெட்டியிலுள்ள சுவடிபோல வாசிக்கப்படாமல் கிடக்கிறது. எல்லாப் பணியும் தாயின் பிரதியின் மேல்தான். அதில் ஓர் ஏடு உதிர்ந்தால் ஈடு செய்ய வேறு பிரதி இல்லை. இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு அந்தத் துண்டு புதிதாக, தற்செயலாக உதிர்ந்திருக்கிறது. சில குடும்பங்களில் மரபுவழியாக வருவதும் உண்டு. அக்காவின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவளுடைய குரோமோசோம்கள் இரண்டும் முழுமையாக இருந்தன.

அறிக்கையில் இருந்த சொல்லின் பொருள் 'நீக்கம்'. 'குறைபாடு' என் கைச்சரக்கு. 1965இல் இந்நோயை முதலில் விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஹாரி ஏஞ்சல்மன், இக்குழந்தைகளைப் 'பொம்மலாட்டப் பொம்மைக் குழந்தைகள்' என்றே குறித்தார். பெற்றோர் மனம் புண்படும் என்று 1980களில் அப்பெயரைக் கைவிட்டு, அவர் பெயரையே நோய்க்கு வைத்தனர். மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்லும் காயப்படுத்தும் என்று. சொல்லையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தெரியவில்லை.

மாமியாரின் எதிரிலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். தந்தையின் பிரதியை எழுப்பும் மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருவதையும் சொன்னேன். மாமியார் எழுந்து உள்ளே போனார். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

"இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள் அக்கா.

நடுவில் மூன்று வாரங்கள் போயிருந்தன.