அண்ணாவின் பெயர்

எங்கட வீட்டு அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கு. காணி உறுதி, எங்கட பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாம் அதுக்குள்ளதான். அதோடு, நான் பிறக்க முன்னமே போன அண்ணாவின்ர பத்திரங்களும். பிறந்ததுக்கு ஒன்று, மூன்று மாதத்தில் இறந்ததுக்கு ஒன்று.

பிரித்தானியாவின் இரகசியப் பொலிஸ் பற்றி வாசித்தபோது அந்த ரின்தான் நினைவுக்கு வந்தது.

1968இல் லண்டன் பெருநகரப் பொலிஸின் விசேட கிளை ஒரு இரகசிய அணியைத் தொடங்கியது. அது 2008 வரை இயங்கியது. அதன் பொலிஸார் போராட்டக் குழுக்களுக்குள் வேறு ஆட்களாக வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். திரட்டிய தகவல்கள் எம்ஐ5 உளவு நிறுவனத்துக்கும் போயின. வேடத்துக்குப் பெயர் வேணுமே? பதிவேடுகளைப் புரட்டி, சின்ன வயதில் இறந்த பிள்ளைகளின் பெயரையும் பிறந்த திகதியையும் எடுத்தார்கள். யாரும் சந்தேகப்பட்டுத் தேடினாலும் உண்மையான பிறப்புப் பதிவு இருக்கும்.

மரணப் பதிவையும் ஒருவர் தேடினார். காணாமல்போன காதலனைத் தேடிய ஹெலன் ஸ்டீல் என்ற செயற்பாட்டாளருக்குக் கிடைத்தது, அதே பெயரில் எட்டு வயதில் இறந்த ஒரு பையனின் பதிவு.

2013இல் வெளியான பொலிஸ் அறிக்கையின்படி, 106 போலி அடையாளங்களில் குறைந்தது 42 இறந்த பிள்ளைகளுடையவை. ஆணையாளர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் எந்தெந்தப் பிள்ளைகள் என்று பெற்றோருக்குச் சொல்ல அப்போது மறுத்துவிட்டார். பொலிஸாரின் பாதுகாப்பாம்.

முதலில் எனக்கு வந்த கோபம் வேற. அரசாங்கம் பொய்ப்பெயர் வைக்கிறதுக்கு ஒரு சட்டமும் வேணுமா எண்டு நினைச்சன். பிறகு அவுஸ்திரேலியாவின் 1914ஆம் ஆண்டுக் குற்றங்கள் சட்டத்தைப் பார்த்தேன். பின்னாளில் அதில் சேர்த்த ஒரு பகுதி இதற்கென்றே இருக்கிறது. உளவு நிறுவனம் என்றாலும் போலி அடையாளத்துக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். பிறப்புப் பதிவேட்டில் புதிதாகப் பொய்ப் பதிவு இடுவதென்றால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பதிவுகளைக் கணக்காய்வு செய்ய வேண்டும்.

பிரித்தானியாவில் இரகசிய முகவர்களுக்கென ஒரு சட்டம் 2000இல்தான் வந்தது. சட்டப்படி இல்லாத ஒருவரை உருவாக்க வழியிருந்தால், இருந்து செத்த பிள்ளையின் பெயரில் கைவைக்கத் தேவையில்லை. அந்த வழி இல்லாத இடத்தில், எதிர்த்துக் கேட்க ஏலாதவரின் பெயர்தான் எடுக்கச் சுகம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஏசுவா எண்டு பார்த்தால், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டுக் கேட்டா:

“அப்ப அந்தப் பிள்ளையின்ர பேரோட ஒருத்தன் வளர்ந்த ஆளாத் திரிஞ்சிருக்கிறான். தாய்க்கு ஒருக்காக் காட்டினவையே?”

அனுமதி, கட்டளை, கணக்காய்வு எல்லாம் அதிகாரிகளுக்கும் நீதிபதிக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. சட்டம் வேணும் எண்டுதான் இப்ப நானும் சொல்லுவன். ஆனால் எடுத்தது ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர் என்றால், அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருக்கவேணும்.