நாற்பது ரூபாய்க்கு ஒரு மலைக்கோட்டை

பொழுதுபோக்குக்காகச் செய்த பொருளுக்கு விலை வைக்கலாமா? வைத்தால் எவ்வளவு? அடக்க விலை, விற்ற விலை, இலாப சதவீதம் எல்லாம் கணக்குப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்குகளில் வரும் வியாபாரி அரிசியோ ஆரஞ்சுப் பழமோ வாங்கி விற்கிறார். தாமே கதை எழுதி விற்பதில்லை!

நாங்கள் நால்வர் இவ்வாண்டு எழுதியது ஒரு கதை விளையாட்டு. தாயமும் பரமபதமும் ஆடியவர்களுக்கு விளக்குவது எளிது. இதற்குக் கட்டம் கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் மதிலேறுகிறேன்", "நான் காவலனிடம் பேச்சுக் கொடுக்கிறேன்" என்பார்கள். நடக்குமா, நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-இல் வெளிவந்தபோது, முதலில் அச்சிட்டவை 1000 பெட்டிகளே. வீட்டிலேயே கையால் அடுக்கினார்களாம். விலை 10 டாலர். மூன்று சிறு புத்தகங்களுக்கு இவ்வளவா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. வாங்காமல் படியெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆயினும் ஏறக்குறைய ஓராண்டில் அத்தனையும் விற்றன.

எங்கள் கதை நடப்பது நம் திண்டுக்கல் மலைக்கோட்டையில். 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார், விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்திருந்த காலம். அவருடைய ஓலையைக் கோட்டைக்குள் ஹைதர் அலியின் ஆட்களிடம் சேர்க்க வேண்டும். சேர்ப்பவர்கள் எங்கள் கற்பனையில் பிறந்த நான்கு பெண்கள். (மோர் விற்கும் பாட்டியாக ஆடத்தான் எல்லாருக்கும் போட்டி!)

பள்ளி விற்பனை விழாவுக்கு 50 பிரதிகள் தயாரித்தோம். 24 பக்கம். ஜெராக்ஸ் 12 ரூபாய், அட்டை 4 ரூபாய், மடித்து வைத்த வரைபடம் 4 ரூபாய். ஆக அடக்கம் 20 ரூபாய். அதற்கு மேல்தான் சண்டை தொடங்கியது.

"இலவசமாகக் கொடுப்போம், நமக்கென்ன இது தொழிலா?" என்றனர் இருவர். "நூறு ரூபாய்!" என்றாள் மற்றொருத்தி. 12 சனிக்கிழமைகள், நாளுக்கு 2 மணி நேரம், நான்கு பேர் என்றால் 96 மணி நேரம் அல்லவா? நூறு ரூபாய்க்கு அத்தனையும் விற்றாலும் மணிக்கு 41 ரூபாய்தான் தேறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு சரி. ஆனால் நூறு ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் பள்ளிக்கு வருகிறார்கள்?

வரைபடம் தீட்டியவள் மட்டும் வாய் திறக்கவில்லை. எங்கள் மூவருக்கும் இது விளையாட்டு. அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கப் பணம் தேவைப்பட்டது. அவளுடைய தாத்தா நாகல்நகரில் பூட்டுத் தொழில் செய்தவர். மாங்காய்ப் பூட்டின் நெம்புகோல்களைக் கையாலேயே அராவிப் பொருத்தியவர். அலிகாரிலிருந்து மலிவான இயந்திரப் பூட்டுகள் வந்திறங்கியதும் கைப்பூட்டுக்கு விலை கேட்க ஆளில்லாமல் போனது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல்தான். எங்கள் வாக்குவாதத்தைத் திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்த அவர் சொன்னார்: "ஆசைக்குச் செய்றவன் சும்மா குடுத்தா, வயித்துக்குச் செய்றவன் கடையில எவன் கண்ணு நிப்பான்?" இலவசம் என்ற பேச்சு அத்துடன் நின்றது.

வெளிநாடுகளில் இத்தகைய கதைகளை எழுதுவோர் இணையத்தில் விற்கிறார்கள். டிஎம்ஸ் கில்ட் என்ற தளத்தில் விலையில் பாதிதான் எழுதியவருக்கு. இட்ச் ஐஓ தளத்தில், வாங்குபவரே விரும்பியதைக் கொடுக்கும் முறையும் உண்டு. அதன்படி ஓர் உண்டியல் வைக்கலாமா என்று யோசித்தோம். ஒருத்தி ஐந்து ரூபாய் போடுவதைப் பின்னால் ஐம்பதுடன் நிற்பவள் பார்ப்பாளே! வேண்டாம் என்று விட்டோம்.

வழி காட்டியது விளையாட்டேதான். கதை சொல்பவளுக்கு மட்டுமே புத்தகம் வேண்டும். ஆடுவதோ ஐந்து பேர். 40 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு 8 ரூபாய். ஒரு டீயை விடக் குறைவு, ஒரு மாலைப் பொழுது முழுவதும் போகும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 10 ரூபாய் வரைந்தவளுக்கு என்றும் முடிவு செய்தோம். எழுதிய எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாள் நூறு ரூபாய்க்காரி. "பாட்டி பாத்திரம்" என்றோம்.

விழாவில் 37 பிரதிகள் விற்றன. 1480 ரூபாய் சேர்ந்தது. அச்சுச் செலவு 1000 போக, வரைந்தவளுக்கு 370 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். மிச்சம் 110 ரூபாயில் புதிய பகடைகள் வாங்கினோம். நூலக சிஸ்டரிடம் 2 பிரதிகளைக் கொடுத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். மீதி 11 பிரதிகள் எங்கள் வகுப்பு அலமாரியில் உள்ளன, வாசகர்களே. விலை அதே நாற்பதுதான். தாத்தாவுக்கும் அந்த விலைக்கே கொடுத்தோம். அவர் பேரம் பேசவில்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி