ஒரு கீரைக்காக ஓர் ஊர்: சரகோசாவின் போரேஜ் தோட்டங்கள்

ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மாட்ரிட்டையும் பார்சலோனாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சரகோசாவில் இறங்குபவர்கள் குறைவு. மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றே கால் மணி நேரம்தான். எப்ரோ ஆற்றங்கரையில் நான்கு கோபுரங்களுடன் நிற்கும் பிலார் மாதா பேராலயம், ரோமானியர் கட்டிய மதில், அரபு மன்னர்கள் எழுப்பிய அல்ஹஃபேரியா அரண்மனை என இரண்டு நாள் சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களும் சாப்பாட்டுப் பிரியர்களும் இந்த ஊரில் இறங்க வேறொரு காரணம் உண்டு. அது ஒரு கீரை!

ஆங்கிலத்தில் அதன் பெயர் போரேஜ். ஸ்பானிஷ் மொழியில் பொர்ராஹா. ஐரோப்பாவின் பல நாடுகளில் இது நீலப்பூவுக்காக வளர்க்கும் அலங்காரச் செடி, அல்லது வேலியோரத்தில் தானாக முளைக்கும் களை. ஸ்பெயினிலேயே பல ஊர்களில் இதைச் சமைக்கத் தெரியாது. சரகோசாவைத் தலைநகராகக் கொண்ட அரகோன் பகுதியிலும், பக்கத்தில் இருக்கும் நவார்ரா, லா ரியோஹா பகுதிகளிலும் மட்டும் இது அன்றாடச் சமையல் காய்.

சந்தையில் முதல் பார்வை

ரோமானிய மதிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மத்தியச் சந்தை. 1903-ல் திறக்கப்பட்ட இரும்புக் கட்டடம். பழுதுபார்த்து 2020-ல் மறுபடி திறந்தார்கள். உள்ளே காய்கறிக் கடைகளில் பெரிய பெரிய கட்டுகளாக அடுக்கியிருப்பதுதான் பொர்ராஹா. பார்த்தால் நம் ஊர் தண்டுக்கீரை நினைவுக்கு வரும். ஆனால் தண்டு வெளிர்பச்சை, முழங்கை நீளம். மேலே அகலமான சொரசொரப்பான இலை. பூசணிக்கொடியைத் தொட்டால் கையில் குத்துமே ஒரு சுணை, அதேபோல் தண்டு முழுக்கச் சுணை.

நாம் கீரையில் இலையை ஆய்ந்து தண்டை ஒதுக்குவோம். இவர்கள் நேர்மாறு. இலையின் பெரும்பகுதியை வெட்டி ஒதுக்கிவிட்டுத் தண்டைத்தான் சமைக்கிறார்கள்.

நீர் வந்த கதை

சரகோசா செழிப்பான ஊராக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 320 மில்லிமீட்டர்தான். நம் ராமநாதபுரத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை. வடமேற்கிலிருந்து 'சியெர்ஸோ' என்ற வறண்ட குளிர்காற்று வேறு அடித்துக்கொண்டே இருக்கும். ஊரைத் தாண்டினால் மண் வெளுத்துப்போய்க் கிடக்கும்.

இந்த வறட்சிக்கு நடுவே ஆற்றங்கரை மட்டும் பச்சையாக இருக்கக் காரணம் வாய்க்கால்கள். ரோமானியர், அரபியர் காலத்திலிருந்தே எப்ரோவிலிருந்தும் அதன் கிளையாறுகளிலிருந்தும் வாய்க்கால் வெட்டி, கரையோரம் காய்கறித் தோட்டம் போட்டார்கள். 18-ம் நூற்றாண்டில் ரமோன் பிக்னதெல்லி என்ற பாதிரியார், பெரிய கால்வாய் ஒன்றை வெட்டி முடிக்கும் பொறுப்பை ஏற்றார். 'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்று கேலி செய்தவர்கள் பலர். 1784-ல் கால்வாய்த் தண்ணீர் சரகோசாவை எட்டியது. இரண்டு வருடம் கழித்து அவர் ஒரு நீரூற்று கட்டினார். அதன் பெயர் 'நம்பாதவர்களின் ஊற்று'. நம்பாதவர்கள் நம்புவதற்காகவும் வழிப்போக்கர்களின் வசதிக்காகவும் கட்டியது என்று லத்தீனில் பொறித்தும் வைத்தார். இன்றும் அது நிற்கிறது. போனால் பார்க்கத் தவறாதீர்கள்.

இப்படித் தண்ணீர் பாயும் தோட்டங்களை 'உவெர்த்தா' என்கிறார்கள். நகரின் ஓரத்தில் இருக்கும் மொவேரா இதற்குப் பெயர் பெற்ற இடம். சாதாரண போரேஜ் நீலமாகப் பூக்கும். இங்கே காய்க்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ரகம் வெள்ளையாகப் பூக்கும். அதற்கு 'மொவேரா' என்றே பெயர். குளிர்காலம்தான் இதற்கு ருசியான பருவம்.

பொறுமை கேட்கும் சமையல்

செய்முறை எளிது. சுத்தம் செய்வதுதான் வேலை. அடியை நறுக்கி, இலையை நீக்கி, ஒவ்வொரு தண்டாக ஓடும் தண்ணீரில் பிடித்துக் கத்தியாலோ சொரசொரப்பான நாராலோ தேய்த்துச் சுணையை எடுக்க வேண்டும். பிறகு விரல்நீளத் துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்குடன் உப்புப் போட்டு வேகவைக்கிறார்கள். 15 நிமிடம் போதும். தட்டில் வைத்ததும் மேலே பச்சை ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான், தாளிப்புகூட இல்லை. சுரைக்காயின் மென்மையும் வெள்ளரியின் வாசமும் கலந்தாற்போல் இருக்கும்.

வேலைக்குப் போகும் குடும்பங்களில் யார் இத்தனை தண்டைத் தேய்ப்பது? நம் வீடுகளில் வாழைப்பூ ஆய்வது குறைந்துபோனதற்கும் இதே காரணம்தானே! அதனால் சுத்தம் செய்து நறுக்கியதைப் பையிலும், வேகவைத்ததைக் கண்ணாடிப் புட்டியிலும் விற்கிறார்கள். இந்தக் கீரை சாப்பாட்டுத் தட்டில் நீடிப்பதற்கு அந்தப் பைக்கும் பங்கு உண்டு.

ஸ்பானிஷ் மொழியில் ஒரு வழக்கு இருக்கிறது. ஆரவாரமாகத் தொடங்கிய காரியம் ஒன்றுமில்லாமல் போனால், 'பொர்ராஹா தண்ணீர் ஆகிவிட்டது' என்பார்கள். நாம் 'விழலுக்கு இறைத்த நீர்' என்போமே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் அந்த வழக்கின் பழைய வடிவத்தில் இருந்தது 'செராஹா' என்ற வேறொரு காட்டுக்கீரை. பெயர் மாறி, பழி பொர்ராஹா மேல் விழுந்துவிட்டது.

வெட்டிய இலையும் வீணாவதில்லை. சரகோசாவுக்கு வடகிழக்கே இருக்கும் பார்பாஸ்த்ரோ பகுதியில், இளம் இலையை மைதா, முட்டை, பால் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே சர்க்கரை தூவுகிறார்கள். 'கிரெஸ்பீயோ' என்று பெயர். மார்ச் 25-ம் தேதியை ஒட்டி இதைச் செய்வது வழக்கம். அன்றுதான் ஆலிவ் மரங்கள் சூல் கொள்கின்றன என்பது அந்தக் கிராமங்களின் நம்பிக்கை.

இலையை மாவில் தோய்த்துப் பொரிப்பது என்றதும் கற்பூரவல்லி பஜ்ஜி ஞாபகம் வருகிறதா? அங்கேதான் ஒரு குழப்பம் காத்திருக்கிறது.

பெயர் ஒன்று, செடி வேறு

நம் கற்பூரவல்லிக்கு, அதாவது ஓமவல்லிக்கு, ஆங்கிலத்தில் 'இந்தியன் போரேஜ்' என்று ஒரு பெயர் உண்டு. 'ஸ்பானிஷ் தைம்' என்றும் சொல்வார்கள். உண்மையில் அது போரேஜும் இல்லை, தைமும் இல்லை. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. சதைப்பற்றான இலை, ஓம வாசனை, கிளையை ஒடித்து நட்டாலே வேர்விடும், வருடக்கணக்கில் இருக்கும். போரேஜ் விதையிலிருந்துதான் வரும். பூத்துக் காய்த்ததும் அதன் ஆயுள் முடிந்தது.

போரேஜின் நிஜமான உறவு நம் ஊரில் வேறொன்று இருக்கிறது. தரிசு நிலத்திலும் வரப்போரத்திலும் தானாக முளைக்கும் கவிழ்தும்பை! அதே சொரசொரப்பு, போரேஜ் பூவைப் போலவே தலைகுனிந்த பூ. அதனால்தான் அந்தப் பெயர். இதையும் 'இந்தியன் போரேஜ்' என்று எழுதுகிறார்கள். ஆக, ஒரே ஆங்கிலப் பெயரில் இரண்டு செடிகள்.

இணையத்தில் 'போரேஜ் இலை நல்லது' என்று படித்துவிட்டு, அதில் சொன்னதைக் கற்பூரவல்லிக்கோ கவிழ்தும்பைக்கோ பொருத்திப் பார்க்காதீர்கள். விதை வாங்கும்போதும் தாவரவியல் பெயரைப் பாருங்கள். போரேஜ் என்றால் 'போராகோ அஃபிசினாலிஸ்' என்று இருக்க வேண்டும்.

நம் வீட்டில் வளர்க்கலாமா?

குளிரை விரும்பும் செடி. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். சமவெளியில் இருப்பவர்கள் மழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் விதைத்து, மாசிக்குள் அறுவடையை முடிக்கப் பார்க்கலாம். வெயில் ஏறினால் தண்டு முற்றிவிடும்.

* ஆணிவேர் ஆழமாகப் போகும். ஓரடி ஆழமாவது இருக்கும் தொட்டி வேண்டும்.

* நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது இதற்குப் பிடிக்காது. தொட்டியிலேயே 1 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு, மூன்று விதை போட்டு, நன்றாக வரும் ஒரு செடியை மட்டும் விடுங்கள். தரையில் என்றால் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி.

* ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

* தண்டுக்காக வளர்த்தால் பூந்தண்டு கிளம்புவதற்கு முன் அறுத்துவிடுங்கள்.

* ஒன்றிரண்டைப் பூக்க விடுங்கள். தேனீக்கள் தேடி வரும். பக்கத்தில் இருக்கும் பூசணி, வெள்ளரிக்கும் மகரந்தச் சேர்க்கை நடக்கும்.

* பூவைச் சாப்பிடலாம். பின்னால் இருக்கும் சுணையுள்ள புல்லிவட்டத்தை நீக்கிவிட்டு ஐஸ் கட்டியில் உறையவைத்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். நீலப்பூ எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாக மாறும்.

ஓர் எச்சரிக்கை: போரேஜ் இலையிலும் பூவிலும் ஈரலைப் பாதிக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் சிறிய அளவில் உள்ளன. எப்போதாவது காயாகச் சமைத்துச் சாப்பிடுவது வேறு, தினமும் கஷாயமாகவோ தேநீராகவோ குடிப்பது வேறு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஈரல் பிரச்னை உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்கு ஐஸ் கட்டியில் ஒரு பூ போதும், இலை வேண்டாம். கவிழ்தும்பையிலும் இதே வகை ஆல்கலாய்டுகள் உண்டு. அதைக் கீரையாகச் சமைக்க வேண்டாம்.

சரகோசாவுக்கே போய் ருசிக்க நினைப்பவர்களுக்கு: டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். சியெர்ஸோ காற்றுக்குத் தடித்த கோட்டு அவசியம். உணவகத்தில் 'பொர்ராஹாஸ் கோன் பதாதாஸ்' என்று கேளுங்கள், உருளைக்கிழங்குடன் வரும். சில இடங்களில் பன்றி இறைச்சியோ சிப்பியோ சேர்ப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் 'சோய் வெஹெதாரியானோ' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண்கள் என்றால் 'வெஹெதாரியானா'.