பெட்டி காய்கிறது

எங்கள் கம்பைநல்லூர் வீட்டில் அதற்குப் பெயர் நிலைக்கவில்லை. ஆங்கில உச்சரிப்புப்படி ‘அவன்’ என்று எழுதினால் படர்க்கை ஆண்பால் ஒருமையாகிவிடுகிறது. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எங்களுக்கு அது ஒப்பவில்லை. அம்மாவுக்கு அது வெறும் பெட்டி. எழுபது வயதுக்குமேல் அதைப் பழகி, ராகி மாவும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து அவர் சுட்ட பிஸ்கட்டுகளைப் பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

ஆடி மாதத்தில் அவை கருகத் தொடங்கின. முதல் தடவை சிரித்தோம். மூன்றாம் தடவை, கணவனும் மனைவியுமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா அண்மையில் சாவி வைத்த இடத்தை மறந்திருந்தார். ஒரே செய்தியை இருமுறை சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டோம்.

“பெட்டிதான் ஜாஸ்தியா காயுது. வாசனையிலேயே தெரியுதே கண்ணு” என்றார். திரையில் 175 டிகிரி என்றிருந்தது. நாங்கள் எண்ணை நம்பினோம். பழுதுபார்க்க வந்தவரும் வெப்ப உணரியை மீட்டரில் வைத்துப் பார்த்து, “சென்சார் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். நாங்கள் இல்லாதபோது பெட்டியைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னோம். கண் பரிசோதனை என்று சொல்லி, தர்மபுரியில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நாளும் குறித்தோம்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் கேட்டது ஒன்றுதான்: “சர்க்கரை வைத்துப் பார்த்தீர்களா?” சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். 175இல் கால்மணி நேரம் வைத்தால் வெள்ளையாகவே இருக்க வேண்டும். எங்கள் தட்டில் அது தேன்நிறப் பாகாகக் கிடந்தது. அவர் கொண்டுவந்த வெப்பமானி 212 காட்டியது.

உள்ளே இருப்பது தெர்மிஸ்டர் எனும் சிறு மணி. உலோகக் கம்பியில் சூடேறினால் மின்தடை கூடும், இதில் குறையும். இந்த விந்தையை 1833இல் வெள்ளி சல்ஃபைடில் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. எங்கள் பெட்டியின் மணிக்கு அறைவெப்பத்தில் சுமார் 87,000 ஓம் தடை. 175 டிகிரியில் 1,200. 212இல் வெறும் 600. மணியின் கம்பி பலகையோடு சேருமிடத்தில் களிம்பேறி, வேறொரு 600 ஓம் ஒட்டிக்கொண்டிருந்தது. 87,000த்தில் 600 யார் கண்ணில் படும்? சூடேறிய பிறகோ 600உம் 600உம் சேர்ந்து 1,200 ஆக, பலகை அதை 175 என்றே படித்தது. ஆறிக்கிடந்த பெட்டியைச் சோதித்தவர் சொன்னதும் பொய்யில்லை; மணி நன்றாகத்தான் இருந்தது.

மின்இணைப்பைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின்தகட்டைக் கழற்றினோம். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்துபோன ஒன்றை மாற்றி இறுக்கினார் நண்பர். அரைமணி வேலை. மறுபடி சூடேற்றியபோது வெப்பமானியும் திரையும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போயின. சர்க்கரை வெள்ளையாகவே இருந்தது.

அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் புறப்பட்டதும் ராகி மாவைச் சலிக்க உட்கார்ந்தார். சலித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“அப்ப, தர்மபுரி டாக்டர் வேண்டாமா?”