பெட்டியும் மருந்தும்



சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு முதன்முறையாக உல்லாசக் கப்பலில் சென்றோம். பெரிய பெட்டிகளைத் துறையிலேயே பெற்றுக்கொள்கின்றனர்; அறைக்கு வந்துசேரப் பல மணி நேரமாகலாம். வேடமணியும் இரவுக்கான பிள்ளைகளின் உடைகளோடு அம்மாவின் நீரிழிவு மருந்தையும் அதிலேயே வைத்துவிட்டேன். உடை போகட்டும், மருந்துக்காக இரவு ஒன்பது மணிவரை தவித்தோம். மருந்து, கடப்பிதழ், மாற்றுடை மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நடுக்கடலில் கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிடுங்கள், கட்டணம் கடுமை.

அம்மா ஐந்து வயதில், 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். தளத்தில் பாய் விரித்துப் படுத்த பயணம் அது. மருந்து கிடைத்தபின் மெல்லச் சொன்னார்: “உன் பாட்டி டிரங்குப் பெட்டிய வழியெல்லாம் தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்க.”