கவிச்சி வாடை

காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரியிலிருந்து சென்னைக்குப் போய், வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதினேன். பிறகு நானே தயாரிப்பாளரும் ஆனேன். அப்போதெல்லாம் சேனலுக்குப் பணம் கட்டி அரைமணி நேர ஸ்லாட்டை வாங்க வேண்டும். விளம்பரம் பிடித்துத்தான் போட்ட காசை எடுக்க வேண்டும். ஒரே வாடகை வீட்டில் ஒரே நாளில் இரண்டு எபிசோட் எடுப்போம். பகலெல்லாம் பேட்டா கணக்கு, ராத்திரியில் காட்சி. கைக்குச் சுலபமாக வந்ததையே எழுதினேன்.

அப்படி வந்தவள்தான் அந்த மீன்காரி. கூடையோடு அவள் வாசலில் நின்றாலே வீட்டில் எல்லாரும் மூக்கைப் பிடிப்பார்கள். எடிட்டிங்கில் சிரிப்பொலி சேர்ப்போம். ரேட்டிங் ஏறியது. வாரம் தவறாமல் அவளை வரவழைத்தேன்.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அந்தக் காட்சியைப் பார்த்தாள். காரைக்கால் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சோறு போடுமுன் உள்ளங்கையில் புளியை வைத்து, விரல் இடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"ஏம்மா?"

"பட்டணத்துல இருக்கிறவன் தம்பி நீ. ஒனக்கு வாடை புடிக்காதுல்ல."

குரலில் கோபமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

1998-ல் ராஜ் டிவியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே ஆசைப்பட்டேன். கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். பாலசந்தர் நன்னிலம் பக்கத்துக்காரர், எங்களுக்கு அசலூர் இல்லை. அந்தத் தொடரில் புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே பெயர். இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அந்தப் பிடிவாதத்தில் பிறந்த சிரிப்பு அது. இன்னொரு பக்கம் கிரேஸி மோகன் வசனத்தில் ஒரு சொல் இன்னொரு சொல்லின் மேல் தடுக்கி விழும், அதிலே சிரிப்போம். இவ்வளவும் தெரிந்திருந்தும் என்னைப் பெற்றவளின் கூடையில் கைவைத்தேன்.

சென்னை திரும்பியதும் மீன்காரியை விலை பேச வைத்தேன். வீட்டுக்காரம்மா பத்து ரூபாய் குறைத்துக் கேட்பாள். இவள் சங்கராவின் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டி, "இதுக்கு மேல ஒத்த ரூவா எறங்க மாட்டேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் காட்சிக்குச் சிரிப்பொலி வேண்டாம் என்றேன். ரேட்டிங் சற்று இறங்கியது.

அதை எழுதிய ராத்திரி, பழைய மீனின் செவுள் எப்படி இருக்கும் என்று கேட்க அம்மாவுக்குப் போன் செய்திருந்தேன். அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசினாள். மன்னிப்பு மட்டும் என் வாயில் வரவில்லை.